பூனைக் கூடைக்கு ஒரு ஓட்டு

நாட்டில் எனக்கு ஓட்டு இல்லாத காலத்தில், மாத்தளைப் பூனைச் சங்கத்தில் எனக்கு ஒரு ஓட்டு இருந்தது. சரியாகச் சொன்னால் அது என் ஓட்டு இல்லை, என் பூனையின் ஓட்டு. இதைச் சொன்னால் இப்போது எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட டீச்சர். நான் பிறந்ததும் அந்தத் தோட்டத்தில்தான், என் அப்பா பிறந்ததும் அங்கேதான். ஆனால் இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டம், அப்பா இங்கே பிறந்ததற்குக் காகிதம் கொண்டு வா என்றது. அந்தக் காலத்தில் லயத்துக் காம்பராவில், கூலிக்காரரின் ஒற்றை அறையில், பிறந்த குழந்தைக்கு யார் காகிதம் எழுதினார்கள்? தேடாத இடமில்லை. பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

தேர்தல் வந்தால் சுற்றுக் கிராமத்து ஆட்கள் ஓட்டுப் போட எங்கள் பள்ளிக்கூடத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். முதல் நாள் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை ஓரமாக அடுக்கி, கரும்பலகையைத் துடைத்து, சாவியை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடுவேன். என் மேசையில் வைத்து யார் யாரோ ஓட்டுச் சீட்டில் புள்ளடி போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் நான் போய் அந்த அறையைக் கூட்ட வேண்டும். விளக்குமாற்றைக் கையில் எடுக்கும்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைகள் அன்றைக்கு வாய்ப்பாட்டைக்கூடத் தப்பில்லாமல் சொல்வார்கள், டீச்சர் நல்ல நிலையில் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

பூனை வந்த கதை வேறு. தோட்டத்துத் துரையின் மனைவி, துரைச்சாணிக்கு நான் சாயங்காலங்களில் பங்களாவுக்குப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளைக்காரத் துரைமார் ஒருவர் பின் ஒருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. பாடம் நடக்கும்போது மேசை மேல் ஒரு சீயம் பூனை வந்து உட்காரும். உடம்பு பால்கோப்பி நிறம், முகமும் காதும் காலும் அடுப்புக்கரியில் முக்கி எடுத்த மாதிரி. துரைச்சாணியைவிட அதற்குத்தான் தமிழ் சீக்கிரம் புரிந்தது என்று நான் சொல்வேன், அவரும் சிரிப்பார். அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது, பூனையைக் கொண்டுபோனால் அங்கே ஆறு மாதம் கூண்டில் அடைத்துவைப்பார்கள் என்று சொல்லி அழுதார். அழுதுகொண்டே பூனையை என் மடியில் வைத்தார்.

கூடவே ஒரு காகிதமும் கொடுத்தார். அந்தப் பூனையின் அப்பா யார், அம்மா யார், பாட்டன் யார், பூட்டன் எந்த ஊர் என்று எல்லாம் அதில் அச்சடித்திருந்தது. என் வீட்டுக்காரர், தோட்டத்து ஃபெக்டரியில் கிளாக்கர், அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம வீட்டுல மூணு பேருல இதுக்கு மட்டுந்தான் பாட்டன் பேருக்குக் காயிதம் இருக்கு. இதையே விண்ணப்பம் போடச் சொல்லுங்க, கெடச்சிரும்."

அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

அந்தக் காகிதத்தோடு சங்கத்து உறுப்புரிமையும் வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரத் துரைச்சாணிமார் தொடங்கிய சங்கம். வருஷத்துக்கு ஒரு பூனைக் கண்காட்சி, வருஷத்துக்கு ஒரு பொதுக்கூட்டம். அவர்கள் எழுதிவைத்த சட்டத்தில் ஓட்டு ஆளுக்கு இல்லை, பூனைக்குத்தான். பரம்பரைக் காகிதம் உள்ள ஒவ்வொரு பூனைக்கும் ஒரு ஓட்டு. பூனை யாருடையது என்று மட்டும்தான் சட்டம் கேட்டது. அந்த ஆள் யார், எந்த ஊர், எந்த நிறம் என்று கேட்கவில்லை. தோட்டத்து டீச்சரிடம் ஒரு சீயம் பூனை போய்ச் சேரும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது, பாவம்.

இன்னொரு விதியும் இருந்தது. யாரோ ஒரு அம்மா செத்துப்போன பூனைகளின் கணக்கில் ஓட்டுப் போட்டுவிட்டாராம். அதனால் பூனையைக் கூடையில் வைத்துக் கூட்டத்துக்கே கொண்டுவர வேண்டும் என்று ஆக்கியிருந்தார்கள். நடுவில் நீள மேசை. ஒரு தீர்மானத்துக்குச் சம்மதம் என்றால் பூனைக் கூடையைத் தூக்கி மேசைமேல் வைக்க வேண்டும். எதிர்ப்பு என்றால் கூடை தரையில் இருக்கும். செயலாளர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, உள்ளே உயிருள்ள பூனை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். கூட்டம் முடியும்போது அவர் கையெல்லாம் பிறாண்டல்.

முதல் கூட்டத்துக்குப் போன நாள் இன்னும் நினைவிருக்கிறது. சீயம் பூனை கத்தினால் கைக்குழந்தை அழுகிற மாதிரியே இருக்கும். பஸ் ஏறியதிலிருந்து மாத்தளை வரும்வரை கத்திக்கொண்டே வந்தது.

"அக்கா, புள்ளைக்கி வயித்து வலியா?" என்று கொண்டக்டர் கேட்டான்.

"புள்ள இல்ல, பூனை."

"அப்ப அதுக்கும் டிக்கட் எடுங்க," என்றான்.

நான் போனபோது சங்கத்தில் வெள்ளைக்காரர் யாரும் மிச்சமில்லை. தலைவி இந்த ஊரிலேயே பிறந்த, ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கிப் பெண்மணி, டவுன் டாக்டர் ஒருவரின் விதவை. எல்லாரும் அவரைப் பெரிய நோனா என்பார்கள். அவருடைய பிள்ளைகள் எல்லாரும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் இரத்தோட்டைப் பாதையில் ஒரு பழைய பங்களாவில் ஒன்பது பூனைகளோடு இருந்தார். செயலாளர், மாத்தளைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி. அவருக்கு இரண்டு பாரசீகப் பூனைகள். மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று இரண்டு கொண்டுவருவார்கள். ஆகவே அந்தச் சங்கத்தில் பெரிய நோனா வைத்ததுதான் சட்டம்.

புடவைக்கடை முதலாளி ஒவ்வொரு வருஷமும் ஒரே தீர்மானத்தைக் கொண்டுவருவார். வெளிநாட்டுச் சாமான்களையெல்லாம் அரசாங்கம் நிறுத்திவிட்டது, புதுப் பூனைகள் வரப்போவதில்லை, இருக்கிற பூனைகளுக்கும் வயதாகிறது, ஊர்ப் பூனைகளுக்கும் கண்காட்சியில் ஒரு பிரிவு வைப்போம் என்பார். "காயிதம் இல்லாத பூனை நம்ம மேசையில வராது," என்று பெரிய நோனா சொல்வார். அவருடைய ஒன்பது கூடையும் அசையாமல் தரையில் இருக்கும். தீர்மானம் அத்தோடு சரி.

அவருடைய தமிழ் குசினியில் சமையல்காரரிடம் கற்ற தமிழ். யாராக இருந்தாலும் 'நீ'தான். "டீச்சர், நீ கூடய எடு. டீச்சர், நீ அங்க போய் உக்காரு." அந்த 'நீ' என் காதில் விழும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும். படிப்பிக்கிறவளை நீ என்று கூப்பிடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனாலும் வருஷம் தவறாமல் போனேன். ஒரு கூடையைத் தூக்கி மேசைமேல் வைக்க வேண்டும், அதை ஒருவர் எண்ண வேண்டும். எனக்கு அது தேவைப்பட்டது. இதை நான் யாரிடமும் அப்போது சொன்னதில்லை, வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லாமலே தெரியும்.

பூனைக்கு வயதாகிக்கொண்டு வந்தது. அலுமாரிக்கு மேல் பாய்ந்து ஏறிய பூனை, நான்கு தரம் யோசித்துவிட்டுக் கதிரையில் ஏறத் தொடங்கியது. மீனை மசித்துக் கொடுத்தால்தான் தின்றது. ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சுருக்கென்றது. பூனை போனால் ஓட்டும் போய்விடும். இன்னொரு சீயம் பூனைக்கு நான் எங்கே போவேன்?

அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றேன். ஓட்டு ஆளுக்குத்தான் இருக்க வேண்டும், பூனைக்கு அல்ல. ஒருவரிடம் ஒன்பது பூனை இருந்தாலும் ஒரு ஓட்டுதான், பூனை செத்துப்போனாலும் அந்த ஒரு ஓட்டு இருக்க வேண்டும் என்றேன். அமைதியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வீட்டில் பாடம் பண்ணிப்போனேன். அங்கே போனதும் குரல் தானாக ஏறிவிட்டது. எந்த நாட்டில் பூனை ஓட்டுப் போடுகிறது, மனிதன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று கேட்டேன். கேட்டபிறகுதான், நான் எந்த நாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று எனக்கே விளங்கியது.

பெரிய நோனா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பூன இல்லாத ஆளுக்குப் பூனச் சங்கத்துல என்ன வேல?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, புடவைக்கடை முதலாளியிடம் திரும்பி, "புதுச் சட்டம் எழுதிக் கொண்டு வா. வாற வருஷம் பாப்போம்," என்றார். பார்ப்போம் என்றால் தோற்கடிப்போம் என்று அர்த்தம். இருந்தாலும் எனக்கு அது போதும்.

அந்த ஒரு வருஷமும் நான் பூனையைப் பார்த்த மாதிரி பெற்ற பிள்ளையைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மழைநாளில் அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு, ஆட்டுப்பால், மீன் சாறு. "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு கோப்பி போட்டுக் குடுத்தீங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "உங்களுக்கு ஓட்டு இருக்கா?" என்றேன். அவர் தானே போய் மீன் வாங்கிவந்தார்.

கூட்ட நாளும் வந்தது. பூனை எலும்பும் தோலுமாக இருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது. பஸ்ஸில் அது கத்தவில்லை. கொண்டக்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு டிக்கட் கேட்காமல் போனான்.

புடவைக்கடை முதலாளி புதுச் சட்டத்தை டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். அவருக்குச் சட்டம் எழுதிப் பழக்கமில்லை. நாவுலப் பக்கத்தில் அவருடைய மச்சான் ஒருவர் விவசாயிகள் சங்கமொன்றில் இருந்தார். அந்தச் சங்கத்தின் சட்டத்தை வாங்கி, வயல் என்று வந்த இடத்திலெல்லாம் வெட்டிவிட்டுப் பூனை என்று போட்டுவிட்டார். ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற விதி அதில் நன்றாகவே இருந்தது. ஆனால் அவர் வாசிக்க வாசிக்கத்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. உறுப்பினர் தமது பூனையின் எல்லைக் கற்களை நகர்த்தலாகாது. உரிய பருவத்தில் பூனைக்கு எருவும் பசளையும் இட வேண்டும். அயலவரின் பூனைக்குள் மாடு இறங்கினால் மாட்டுக்காரர் நட்டஈடு கட்ட வேண்டும்.

மண்டபமே சிரித்தது. பெரிய நோனா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். முதலாளியும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே அடுத்த விதியை வாசித்தார். உறுப்பினர் ஒவ்வொருவரும் இலங்கைப் பிரஜையாக இருத்தல் வேண்டும்.

வாசித்து முடித்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வல்லாஹி, இது என்ட கண்ணுல படல்ல டீச்சர்," என்றார். "வயல வெட்டிப் பூனய போட்டதுதான் ஞாபகம் ஈக்கு. இத இப்பவே வெட்டிருவம்."

வெட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பலாபத்வலயில் கொக்கோத் தோட்டம் வைத்திருந்த ஒரு ஐயா எழுந்தார். அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தில் இருந்து பென்சன் எடுத்தவர், ஒருவரையும் கடிந்து பேசாதவர். இந்தக் காலத்தில் எல்லாச் சங்கத்திலும் இந்த விதி இருக்கிறது, இது இருந்தால்தான் பதிவு செய்வது சுலபம், பிறகு அரசாங்கத்தோடு வீண் கரைச்சல் வரக்கூடாது என்றார். டீச்சர் மேல் தனக்கு ஒன்றுமில்லை என்றும், அவருக்குக் காகிதம் கிடைத்த அன்றைக்கே திரும்ப வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றும் மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. நான் கேட்ட சட்டம், நான் சண்டை பிடித்து வாங்கிய சட்டம், அது வருகிறபோது என்னை வெளியே வைத்துவிட்டு வருகிறது. அழுகை வந்தது. கோபம் முந்திக்கொண்டதால் அழவில்லை.

பழைய சட்டப்படி ஓட்டுக்கு விட்டார்கள். அந்த விதியை நீக்கச் சம்மதமானவர்கள் கூடையைத் தூக்கலாம். முதலாளி தன் இரண்டு கூடைகளையும் படாரென்று மேசைமேல் வைத்தார். நான் என்னுடையதை வைத்தேன். கூடை அவ்வளவு லேசாக இருந்தது. மற்றவர்கள் குனிந்து தத்தம் கூடையின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கெட்டவர்கள் யாருமில்லை. பயந்தவர்கள்.

பெரிய நோனா எழுந்தார். கூடைகளைத் தூக்க அவருடைய டிரைவர் முன்னால் வந்தான். அவனைக் கையால் தள்ளிவிட்டார். அந்த வயதில் தானே குனிந்து ஒரு கூடையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். திரும்பிப் போய் இன்னொன்று. மூச்சு வாங்கியது, நிற்கவில்லை. உதவிக்கு யாராவது எழுந்தால் முறைத்தார். கடைசிக் கூடையை என் பூனைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்க பூனைக்குத்தான் காயிதம் கேக்கிறது," என்றார். "ஆளுக்கு இல்ல."

முதலாளி மூடிகளைத் திறந்து எண்ணினார். அந்த விதி போனது. தாளில் அவர் அதை வெட்டின வேகத்தில் பேனை முனை மேசைவரை இறங்கிவிட்டது.

அடுத்து முழுச் சட்டமும் ஓட்டுக்கு வந்தது. ஆளுக்கு ஒரு ஓட்டு. ஒன்பது பூனைக்கு ஒன்பது ஓட்டு என்ற அநியாயம் இருந்ததால்தான் நான் அந்த நிமிஷம் அந்த மண்டபத்தில் நிற்கிறேன். அதை இப்போது நானே நீக்கச் சொல்வதா என்று தோன்றியது. ஆனால் நாளைக்கு இன்னொருவரிடம் ஒன்பது கூடை இருக்கும், அவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? என் கூடையைத் தொடாமல் மேசைமேலேயே விட்டேன். எல்லாரும் பெரிய நோனாவைப் பார்த்தார்கள். அவர் எதிர்ப்பதானால் ஒன்பது கூடையையும் கீழே இறக்க வேண்டும்.

அவர் தன் கதிரையில் போய் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஒன்பது கூடையும் திரும்ப இறக்க என்னால ஏலாது," என்றார். "என் முதுகு ஒடஞ்சு போச்சு. அது அங்கயே இருக்கட்டும்."

டிரைவர் சும்மாதான் நின்றுகொண்டிருந்தான். அவனைக் கூப்பிடலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை. முதலாளி மறுபடியும் மூடிகளைத் திறந்து எண்ணத் தொடங்கினார்.

அந்த மழைக்காலத்திலேயே என் பூனை செத்துப்போனது. வீட்டுக்குப் பின்னால் கோப்பி மரத்தடியில் புதைத்தோம். வீட்டுக்காரர்தான் குழி வெட்டினார், அன்றைக்கு அவர் ஒரு பகிடியும் விடவில்லை. பிரஜாவுரிமை பற்றி ஒரு பதிலும் வரவில்லை. இடையில் ஒரு தேர்தல் வந்தது, சாவியைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல வீட்டுக்கு வந்தேன். மறுநாள் கூட்டினேன். கோபம் இருந்தது, ஆனால் அந்த முறை அது என்னைச் சாப்பிடவில்லை. மாத்தளைக் கூட்டத்துக்கு இன்னும் எத்தனை கிழமை என்று யோசித்துக்கொண்டே கூட்டினேன்.

கூட்டத்தன்று பஸ்ஸில் மடி வெறுமையாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. "புள்ள எங்கக்கா?" என்றான் கொண்டக்டர். சொன்னேன். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனான்.

மண்டபத்தில் முதல் தீர்மானம் முதலாளியுடையது. அதேதான், ஊர்ப் பூனைகளுக்கும் கண்காட்சியில் ஒரு பிரிவு. பெரிய நோனா எதிர்த்துப் பேசினார். இப்படியே போனால் நாளைக்கு நாயும் வரும், ஆடும் வரும் என்றார். பிறகு, தலைவி என்பதால், புதுச் சட்டப்படி சம்மதமானவர்களின் கைகளை எண்ண எழுந்து நின்றார்.

எனக்கு அந்தத் தீர்மானத்தில் முழுச் சம்மதம். ஆனால் எனக்காக முதுகை ஒடித்துக்கொண்டவர் முன்னால் நிற்கிறார். நன்றி கெட்டவள் என்று நினைப்பாரோ என்று தயங்கினேன். கை தோள்வரை வந்து நின்றுவிட்டது.

அவர் ஒவ்வொரு வரிசையாக விரலை நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் விரல் நின்றது. கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"டீச்சர், நீ கைய நல்லாத் தூக்கு," என்றார். "அரைவாசி ஓட்டுன்னு ஒண்ணு இல்ல."

தூக்கினேன். விரலை என் பக்கம் நீட்டி, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சத்தமாக என்னை எண்ணிவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனார்.